பிரஷர் மாத்திரையும் கால்சியமும்: பழி யார் மேல்?

ரத்த அழுத்த மாத்திரைக்கும் ரத்தத்தில் கால்சியம் குறைவதற்கும் தொடர்பு உண்டு என்ற ஆராய்ச்சிச் செய்தி பலரைக் கலங்க வைத்திருக்கிறது. கேள்விகள் குவிந்ததால் இந்த முறை பகுதி முழுவதும் அதற்கே.

பிரஷர் மாத்திரை சாப்பிட்டால் கால்சியம் குறைந்துவிடுமாமே? உண்மையா ஐயா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், மன்னார்குடி

எந்த மாத்திரை என்று முதலில் பார்க்க வேண்டும். 'பிரஷர் மாத்திரை' என்ற ஒரே பெயரில் அரை டஜன் குடும்பங்கள் இருக்கின்றன. ஒன்றின் குணம் இன்னொன்றுக்குக் கிடையாது.

ஃபியூரோசமைடு என்ற நீர் மாத்திரை கால்சியத்தைச் சிறுநீரில் வெளியேற்றும். இதே நீர் மாத்திரை வகையில் வரும் குளோர்தாலிடோனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் நேர் எதிர்: கால்சியத்தை உடலிலேயே தேக்கும். நம் ஊரில் அதிகம் பேர் விழுங்கும் அம்லோடிபினும் டெல்மிசார்டனும் ரத்தக் கால்சியத்தை நேரடியாகக் குறைப்பவை அல்ல. செய்தியைப் படித்தவுடன் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பெயரைப் படியுங்கள். பாதிப் பயம் அங்கேயே தீரும்.

எனக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக வீட்டுக்கே அம்லோடிபின் வருகிறது. அது 'கால்சியம் சேனல் பிளாக்கர்' என்று பேரன் படித்துச் சொன்னான். கால்சியத்தைத் தடுக்கிற மருந்து என்றால் எலும்பு என்னாகும்?
— ஒரு பாட்டி, கிருஷ்ணகிரி

எலும்புக்கு ஒன்றும் ஆகாது பாட்டி. அம்லோடிபின் தடுப்பது ரத்தத்தில் இருக்கும் கால்சியத்தை அல்ல. ரத்தக்குழாய்ச் சுவரின் தசைச் செல்லுக்குள் கால்சியம் நுழையும் வாசலை. உள்ளே கால்சியம் குறைவாகப் போனால் தசை இறுகுவது குறையும், குழாய் விரியும், அழுத்தம் இறங்கும். வெளியே ரத்தத்தில் ஓடும் கால்சியத்தின் அளவு அப்படியேதான் இருக்கும். சாப்பாட்டிலிருந்து குடல் உறிஞ்சுவதையும் எலும்பில் சேர்வதையும் அது மறிப்பதில்லை. ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் ஆல்பிரெக்ட் ஃபிளெக்கன்ஸ்டைன் 1960-களில் வெராபமில் போன்ற மருந்துகளை ஆராய்ந்தபோது இந்தச் சூட்சுமத்தைக் கண்டுபிடித்தார். உங்கள் கையில் இருக்கும் மாத்திரை அந்த ஆராய்ச்சியின் வழிவந்தது.

அப்படியானால் அம்லோடிபினோடு கால்சியம் மாத்திரையும் சாப்பிட்டால் ஒன்றையொன்று முறித்துவிடாதா?
— மருந்துக்கடை ஊழியர், விருதுநகர்

வழக்கமான அளவில் வாயால் சாப்பிடும் கால்சியம் அம்லோடிபினை முறிப்பதில்லை. ஒருவர் தவறியோ வேண்டுமென்றோ இந்த வகை மாத்திரைகளை அளவுக்கு மீறி விழுங்கி, அழுத்தம் அபாயமாக இறங்கிய நிலையில் வந்தால், மருத்துவமனையில் நரம்பு வழியாகக் கால்சியம் ஏற்றுவார்கள். அது உயிர் காக்கும் அவசர சிகிச்சை. உங்களிடம் வாங்க வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு: தைராய்டு மாத்திரைக்கும் கால்சியம் மாத்திரைக்கும் நடுவே நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். முறிவது அங்கேதான்.

இதயத்துக்குக் கால்சியம் வேண்டும் என்று முதலில் எப்படித் தெரிந்தது?
— பிளஸ் டூ மாணவி, தென்காசி

உதவியாளர் செய்த ஒரு சிக்கனத்தால்! 1880-களின் தொடக்கத்தில் லண்டனில் சிட்னி ரிங்கர், தவளையின் இதயத்தை உப்புக் கரைசலில் வைத்துத் துடிக்க விட்டுக்கொண்டிருந்தார். கரைசலைக் காய்ச்சி வடித்த நீரில் தயாரிப்பதாகத்தான் அவர் நினைத்தார்; உண்மையில் லண்டன் குழாய்த் தண்ணீர் கலக்கப்பட்டிருந்தது. சரியாக வடித்த நீரில் தயாரித்தபோது இதயம் சற்று நேரத்தில் ஓய்ந்துவிட்டது. குழாய் நீரில் இருந்தது என்ன என்று தேடினார். கால்சியம்! 1883-இல் அதை எழுதி வெளியிட்டார். அந்த வழியில் உருவான ரிங்கர் கரைசலின் வாரிசுதான் இன்று மருத்துவமனைகளில் ஏற்றும் 'ரிங்கர் லாக்டேட்' பாட்டில். பொருந்தாத முடிவு வந்ததும் அதை மறைக்காமல் காரணம் தேடினாரே, அதை நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஃபியூரோசமைடு எப்படிக் கால்சியத்தை வெளியேற்றுகிறது? என் கணவர் இதயத் தளர்ச்சிக்கு அதைத்தான் சாப்பிடுகிறார். பயமாக இருக்கிறது.
— இல்லத்தரசி, கும்பகோணம்

சிறுநீரகத்தில் ஹென்லே வளைவு என்ற பகுதி உண்டு. அங்கே உப்பை ரத்தத்துக்குத் திருப்பி அனுப்பும் ஒரு கடத்தி வேலை செய்கிறது. அது ஓடும்போது குழாயின் உட்பக்கம் லேசான நேர்மின்னேற்றம் உண்டாகும். அந்த மின்விசை கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் ரத்தத்தின் பக்கம் தள்ளும். ஃபியூரோசமைடு அந்தக் கடத்தியை நிறுத்துகிறது. உப்பும் நீரும் வெளியேறும். தள்ள விசை இல்லாததால் கால்சியமும் கூடவே போகும்.

ஆனால் உடல் சும்மா இருக்காது. கால்சியம் ஒரு துளி இறங்கினாலும் பாராதைராய்டு ஹார்மோன் சுரந்து எலும்பிலிருந்தும் குடலிலிருந்தும் இழப்பை ஈடுகட்டும். அதனால் பெரும்பாலானவர்களுக்கு ரத்த அளவு அவ்வளவாகக் குறைவதில்லை. ஈடுகட்ட முடியாத நிலையில் இருப்பவர்களைத்தான் கவனிக்க வேண்டும்: தைராய்டு அறுவை செய்துகொண்டவர்கள், வைட்டமின் டி மிகக் குறைந்தவர்கள், மெக்னீசியம் குறைந்தவர்கள், சிறுநீரகம் தளர்ந்தவர்கள். உங்கள் கணவருக்கு இவற்றில் ஒன்று இருந்தால் அடுத்த ரத்தப் பரிசோதனையில் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள். மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் அம்மா. நுரையீரலில் நீர் கோக்காமல் அவர் படுத்துத் தூங்குவது அதனால்தான்.

அம்லோடிபின் ஆரம்பித்த பிறகு கணுக்கால் வீங்கியது. வேறொரு டாக்டர் நீர் மாத்திரை எழுதினார். இப்போது கால் சுண்டி இழுக்கிறது. மூன்றாவதாகக் கால்சியம் மாத்திரை வந்திருக்கிறது. இது எங்கே போய் நிற்கும்?
— மளிகைக்கடைக்காரர், திண்டுக்கல்

இந்த வாரத்தின் மிக முக்கியமான கேள்வி உங்களுடையது. அம்லோடிபின் சிறு தமனிகளை விரிக்கும். சிரைகளை அந்த அளவுக்கு விரிக்காது. கீழ்க்காலில் அழுத்தம் கூடித் திரவம் கசிந்து கணுக்காலில் தேங்கும். உடலில் நீர் கூடியதால் வந்த வீக்கம் அல்ல அது. அதனால் நீர் மாத்திரை அதற்குப் பெரிதாக உதவுவதில்லை. ஆனால் உப்புகளை இழுத்துக்கொண்டு போகும். சுண்டி இழுப்பதும் அதனால் இருக்கலாம்.

ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று நினைத்து இன்னொரு மருந்து எழுதுவது, அதன் விளைவுக்கு மூன்றாவது எழுதுவது: மருத்துவ உலகம் இந்தத் தொடர் சங்கிலியை 1990-களிலேயே கண்டு எச்சரித்தது. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 66 வயதும் அதற்கு மேலும் ஆன பிரஷர் நோயாளிகளின் மருந்துப் பதிவுகளை ஆராய்ந்து 2020-இல் ஒரு கட்டுரை வந்தது. அம்லோடிபின் வகையைப் புதிதாகத் தொடங்கியவர்களுக்கு, மற்ற வகையைத் தொடங்கியவர்களைவிட, அடுத்த மூன்று மாதத்தில் ஃபியூரோசமைடு போன்ற நீர் மாத்திரை எழுதப்படுவது ஏறத்தாழ இரு மடங்கு!

மூன்று மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டு முதல் டாக்டரிடம் போங்கள். எது எப்போது தொடங்கியது, வீக்கம் எப்போது வந்தது என்று தேதியோடு சொல்லுங்கள். அம்லோடிபின் அளவைக் குறைப்பதா, டெல்மிசார்டன் போன்ற ஒன்றைச் சேர்ப்பதா, வேறு வகைக்கு மாற்றுவதா என்று அவர் முடிவு செய்வார். ஒரு மாத்திரையைச் சரிசெய்தால் இரண்டு மாத்திரை தானாகவே போக வாய்ப்பு உண்டு.

நான் குளோர்தாலிடோன் சாப்பிடுகிறேன். 'பிரஷர் மாத்திரை கால்சியத்தைக் குறைக்கும்' என்று கேள்விப்பட்டு நானே கால்சியமும் வைட்டமின் டி-யும் வாங்கிச் சாப்பிடுகிறேன். சரிதானே?
— வங்கி அதிகாரி (ஓய்வு), சேலம்

சரியில்லை. உங்கள் மாத்திரை கால்சியத்தைச் சிறுநீரில் விடாமல் பிடித்து வைக்கும் வகை. அதன் மேல் அளவு தெரியாமல் கால்சியமும் வைட்டமின் டி-யும் ஏறினால் ரத்தக் கால்சியம் உயரலாம். வாந்தி, மலச்சிக்கல், அடிக்கடி தாகம், குழப்பம், சிறுநீரகக் கல் என்று தொல்லை வேறு திசையிலிருந்து வரும். மருத்துவர் அளந்து பார்த்து எழுதினால் சாப்பிடுங்கள்.

இந்த மருந்தின் நல்ல பக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் நடந்த, 33,000 பேருக்கு மேல் பங்கேற்ற 'ஆல்ஹாட்' என்ற பெரும் ஆய்வின் தரவுகளை 2017-இல் அலசியபோது, அதில் ஒப்பிடப்பட்ட மற்ற இரு பிரஷர் மருந்துகளைச் சாப்பிட்டவர்களைவிடக் குளோர்தாலிடோன் சாப்பிட்டவர்களுக்கு இடுப்பெலும்பு முறிவு குறைவாக இருந்தது. எலும்பைக் கெடுக்கும் என்று நீங்கள் பயந்த மாத்திரை எலும்புக்குத் துணையாக நின்றிருக்கிறது.

ரிப்போர்ட்டில் கால்சியம் 7.9 என்று சிவப்பு எழுத்தில் வந்திருக்கிறது. மாத்திரைதான் காரணமா?
— தறிக்கூட உரிமையாளர், ஈரோடு

மாத்திரையைக் குற்றம் சொல்லும் முன் ரிப்போர்ட்டை விசாரிப்போம். ஒரு டெசிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை சாதாரண அளவு. ரத்தக் கால்சியத்தில் ஏறத்தாழப் பாதி, ஆல்புமின் என்ற புரதத்தை ஒட்டியே ஓடுகிறது. ஆல்புமின் குறைந்தால் மொத்தக் கணக்கு குறைந்ததாகக் காட்டும். உடலுக்கு வேலை செய்யும் கால்சியம் குறைந்திருக்காது. ஆல்புமின் 4-க்குக் கீழே ஒவ்வொரு கிராம் இறங்குவதற்கும் கால்சியத்தோடு 0.8 கூட்டிப் பார்ப்பது மருத்துவர்களின் கைக்கணக்கு. உங்கள் ஆல்புமின் 3 என்றால் 7.9-உம் 0.8-உம் 8.7. சிவப்பு எழுத்துக்கே இடமில்லை! சந்தேகம் தீராவிட்டால் அயனிக் கால்சியம் என்று தனியே அளக்கலாம்.

ரிப்போர்ட் பொய் சொல்ல இன்னொரு வழியும் உண்டு. ரத்த அணுக்களை எண்ண எடுக்கும் ஊதா மூடிக் குழாயில் இ.டி.டி.ஏ. என்ற ரசாயனம் இருக்கும். கால்சியத்தைக் கட்டிப்போடுவதே அதன் வேலை. அதில் சிறிதளவு மற்ற குழாயில் கலந்தாலும் கால்சியம் பொய்யாகக் குறைந்தும் பொட்டாசியம் பொய்யாக உயர்ந்தும் தெரியும். ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவுக்கு வராமல் மறுபடி எடுங்கள்.

கால்சியம் உண்மையிலேயே குறைந்தால் எப்படித் தெரியும்?
— அங்கன்வாடிப் பணியாளர், அறந்தாங்கி

உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் ஊசி குத்துவது போன்ற மதமதப்பு, கை கால் தசை இழுப்பு. பிரஷர் பார்க்கும் கருவியே இதைக் காட்டிக்கொடுக்கும் என்பது ஆச்சரியம். கைப்பட்டையை மேல் அழுத்தத்துக்குச் சற்று மேலே ஏற்றி மூன்று நிமிடம் வைத்தால், கால்சியம் குறைந்தவருக்கு மணிக்கட்டு மடங்கி விரல்கள் குவிந்துகொள்ளும். பிரெஞ்சு மருத்துவர் அர்மான் த்ரூசோ 19-ஆம் நூற்றாண்டில் கவனித்துச் சொன்ன அடையாளம் இது. மருத்துவர் செய்து பார்க்க வேண்டியது. வீட்டில் முயல வேண்டாம். வலிப்பு, தொண்டை இறுகி மூச்சு முட்டுவது, தாறுமாறான இதயத் துடிப்பு என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

பிரஷர் மாத்திரையோடு பல ஆண்டுகளாகக் காலையில் வெறும் வயிற்றில் பான்டோபிரசோல் போடுகிறேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?
— பேருந்து நடத்துநர், திருநெல்வேலி

உண்டு. பான்டோபிரசோல் போன்ற, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளை நீண்ட காலம் சாப்பிட்டால் மெக்னீசியம் குறையலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-இல் எச்சரித்தது. மெக்னீசியம் மிகவும் குறைந்தால் பாராதைராய்டு ஹார்மோன் சரியாகச் சுரக்காது, கால்சியமும் இறங்கிவிடும். மேலே நீர் மாத்திரையும் சேர்ந்தால் இழப்பு இரட்டிப்பு. அந்த நிலையில் கால்சியம் மட்டும் ஏற்றிப் பயனில்லை, மெக்னீசியத்தைச் சரிசெய்தால்தான் கால்சியம் நிற்கும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, பிரஷர் மாத்திரை பல சமயம் அப்படித்தான் மாட்டிக்கொள்கிறது. பான்டோபிரசோல் உங்களுக்கு இன்னும் தேவையா என்று கேளுங்கள்.

பிரஷருக்கு ஒல்மசார்டன் சாப்பிடும் என் அக்காவுக்கு மாதக்கணக்கில் பேதி, எடையும் குறைந்துவிட்டது. சம்பந்தம் இருக்குமா?
— தையற்கலைஞர், காரைக்குடி

இருக்கலாம், உடனே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2012-இல் இப்படிப்பட்ட 22 பேரைப் பற்றி எழுதியது. அடுத்த ஆண்டே மருந்துக் குறிப்பில் எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. சிலருக்கு, மாத்திரை தொடங்கி மாதங்களோ ஆண்டுகளோ கழித்துக்கூட, குடலின் உறிஞ்சும் பரப்பு சிதைகிறது. சாப்பிடுவது உடம்பில் ஒட்டாது. அந்த நிலையில் கால்சியமும் குறையக்கூடும். மருந்தை மாற்றினால் குடல் தேறுகிறது. அரிதான விளைவு இது. ஆனால் தெரியாமல் இருந்தால் ஸ்கோப், ஸ்கேன் என்று அலைந்தே ஆண்டுகள் போய்விடும்.

குறிப்பிட்ட ஒரு பிரஷர் மாத்திரை சாப்பிட்ட பலருக்குக் கால்சியம் குறைந்ததாகப் புகார்கள் பதிவாகியிருக்கின்றன. இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?
— பொறியாளர், கோயம்புத்தூர்

புகார் விசாரணையின் தொடக்கம், தீர்ப்பு அல்ல. சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை ஐ.சி.எம்.ஆருடன் நடத்தி 2023-இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வின்படி, இந்தியாவில் பெரியவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம். இத்தனை கோடிப் பேரில் சிலருக்கு ஏதோ ஒரு காரணத்தால் கால்சியம் குறையத்தான் செய்யும். காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இங்கே சுலபமாக நடக்கும்.

கேட்க வேண்டியவை மூன்று. மாத்திரை சாப்பிட்ட மொத்தப் பேர் எத்தனை? சாப்பிடாத, அதே வயதும் நோயும் உள்ளவர்களில் எத்தனை பேருக்குக் குறைந்தது? நிறுத்தினால் ஏறுகிறதா? அதோடு பிரஷர் நோயாளிகளில் பலருக்குச் சிறுநீரகம் தளர்ந்திருக்கும். தளர்ந்த சிறுநீரகத்தால் வைட்டமின் டி-யைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்ற முடியாது. அதனாலேயே கால்சியம் குறையும். குற்றவாளி சிறுநீரகமாக இருக்க, தண்டனை மாத்திரைக்குப் போகக் கூடாது. புகார் தருவதை நிறுத்தாதீர்கள். புகார்கள் சேர்ந்தால்தான் ஆய்வே தொடங்கும்.

மாத்திரை போடாமல் சாப்பாட்டிலேயே கால்சியம் சேர்க்க வழி?
— கல்லூரி விடுதிச் சமையலர், சிதம்பரம்

பெரியவர்களுக்கு நாளுக்கு 1,000 மில்லிகிராம் என்கிறது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் இருக்கிறது. ஒரு தம்ளர் பாலில் 240 அளவுக்கு. தயிர், மோர், முருங்கைக்கீரை, முள்ளோடு சாப்பிடும் பச்சை நெத்திலி எல்லாம் துணை. பசலைக்கீரையில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதை நம்பி இருக்க வேண்டாம்.

சேர்ப்பதைப் போலவே இழக்காமல் இருப்பதும் முக்கியம். 6 கிராம் உப்பு கூடுதலாக உள்ளே போனால் சுமார் 40 மில்லிகிராம் கால்சியம் சிறுநீரில் வெளியேறுகிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய் ஆகியவற்றைக் குறைத்தால் பிரஷரும் இறங்கும், கால்சியமும் தங்கும். ஒரே செயலில் இரண்டு லாபம். அதைச் செய்யும் இடம் உங்கள் சமையலறைதான்.

மகள் முழுகாமல் இருக்கிறாள். கால்சியம் மாத்திரை பிரஷர் வராமல் தடுக்கும் என்கிறார் நர்ஸ். நிஜமா?
— ஒரு தாய், செங்கல்பட்டு

நிஜம். சாப்பாட்டில் கால்சியம் குறைவாகக் கிடைக்கும் கர்ப்பிணிகளுக்குத் தினமும் 1.5 முதல் 2 கிராம் வரை கொடுத்தால், கர்ப்பகாலத்தில் பிரஷர் எகிறும் அபாயம் குறையும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. அத்தனை மாத்திரை விழுங்குவது சிரமம் என்பதால் பெங்களூருவிலும் தான்சானியாவிலும் தலா 11,000 பெண்களிடம் ஆய்வு நடந்தது. 500 மில்லிகிராமே இந்த விஷயத்தில் 1,500-க்குக் குறைந்ததல்ல என்று 2024-இல் முடிவு வந்தது. மகளுக்கு எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்வார். ஒரு நாளும் விடாமல் சாப்பிடச் சொல்லுங்கள். கர்ப்பத்துக்கு முன்பே பிரஷருக்கு டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில் போன்றவற்றைச் சாப்பிட்டு வந்தவராக இருந்தால் அதை முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவை குழந்தைக்கு ஆகாது, மாற்றித் தருவார்கள்.

பாராதைராய்டு, பாராதைராய்டு என்கிறீர்களே, அது எங்கே இருக்கிறது?
— எட்டாம் வகுப்பு மாணவன், பழனி

கழுத்தில், தைராய்டின் பின்புறம், பெரும்பாலும் நான்கு. ஒவ்வொன்றும் அரிசி மணி அளவுதான். 1849-இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் இறந்த ஓர் இந்தியக் காண்டாமிருகத்தை ரிச்சர்ட் ஓவன் அறுத்துப் பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டது. மனித உடலில் அதை விவரித்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த மருத்துவ மாணவர் ஐவர் சாண்ட்ஸ்ட்ரோம், 1880-இல். உடலில் இருக்கும் சுமார் ஒரு கிலோ கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும்; மீதி ஒரு சதவீதத்தில் ரத்தத்தின் பங்கை இந்த நான்கு மணிகள்தான் இரவு பகலாகக் காவல் காக்கின்றன.

கடைசியாகக் கேட்கிறேன்: மாத்திரையை நிறுத்தட்டுமா, வேண்டாமா?
— லாரி ஓட்டுநர், நாமக்கல்

நிறுத்த வேண்டாம். கால்சியம் குறைந்தால் உடம்பு அறிகுறி காட்டும், ரத்தப் பரிசோதனை சொல்லும், சரிசெய்யவும் முடியும். பிரஷர் ஏறினால் பெரும்பாலும் ஓர் அறிகுறியும் இருக்காது. பக்கவாதமோ மாரடைப்போ வந்த பிறகுதான் தெரியும். அட்டெனலால், குளோனிடின் போன்றவற்றைச் சட்டென்று நிறுத்துவதே ஆபத்து.

டாக்டரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். என் மாத்திரை எந்த வகை? ஒவ்வொன்றும் எதற்கு? அதில் ஒன்று மற்றொன்றின் பக்கவிளைவுக்காக எழுதப்பட்டதா? சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினினோடு கால்சியமும் மெக்னீசியமும் எனக்குப் பார்க்க வேண்டுமா? நீர் மாத்திரை தொடங்கினாலோ அளவு மாறினாலோ சில வாரங்களில் ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறையாவது ரத்தம் பாருங்கள். கேட்டுத் தெரிந்துகொண்டு, இன்று ராத்திரி மாத்திரையைப் போட்டுவிட்டு வண்டியை எடுங்கள்.